உச்சிப்புளிப் பக்கம் வீடு விற்கிறேன்: தட்டோட்டுக்கும் சோலாருக்கும் விலை உண்டா?

#1 சோழகக்காற்று

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஐந்து சென்ட் இடம், 1,150 சதுர அடி, ஒற்றைத் தளம். அப்பா 2004-இல் கட்டிய வீடு. பட்டா என் பேரில், வில்லங்கம் இல்லை. பிள்ளைகள் படிப்புக்காக மதுரைக்கே போய்விடலாம் என்று இருக்கிறோம், அதனால் விற்கிறேன்.

வெக்கையும் கரண்ட் பில்லும் குறையட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சில வேலைகள் செய்தேன். மொட்டை மாடியில் பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறேன். மேற்கு ஜன்னல்களுக்கு சன்ஷேடை நீட்டிக் கட்டினேன். ஃபேன் எல்லாம் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி. ஒரு படுக்கையறையில் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி. கடைசியாக, மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார், நெட் மீட்டரோடு (நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்). 78,000 ரூபாய் மானியம் வந்துவிட்டது. மானியம் போக எல்லாமாகச் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும்.

தரகர் வந்து பார்த்தார். மாடிக்கு ஏறவே இல்லை. முற்றத்தில் நின்றபடியே, "சோலாரு உங்க வசதிக்குப் போட்டதுண்ணே. வாங்குறவன் இடத்துக்குத்தான் காசு தருவான்" என்று சொல்லிவிட்டு, இதே தெருவில் போன வருஷம் விற்ற வீட்டின் விலையை எனக்கும் சொல்கிறார். அந்த வீட்டுக்குள் மதியம் மூன்று மணிக்கு நிற்க முடியாது என்பது தெருவுக்கே தெரியும்.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் கூடுதல் விலைக்குப் போகின்றன என்று படிக்கிறோம். நம்ம கரையில் யாராவது அப்படி விற்றிருக்கிறீர்களா? வாங்கியவர்களும் சொல்லுங்கள்.

#2 நாலுரோட்டுக்காரன்

முதலில் தண்ணீர் எப்படி என்று சொல்லுங்கள். உவரா, நல்ல தண்ணியா? அதுக்கு அப்புறம்தான் சோலார்.

#3 சோழகக்காற்று

கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம். மணல் ஊற்று. காவிரித் தண்ணீரும் தெருக்குழாயில் வருகிறது, வருகிற அன்று.

#4 நாலுரோட்டுக்காரன்

அப்படியென்றால் உங்கள் வீட்டுக்குத் தரகர் சொன்ன விலையே குறைவு. நல்ல தண்ணிக்கு இந்தப் பக்கம் தனி விலை. சோலாரைப் பற்றி எனக்குத் தெரியாது.

#5 மதிப்பீட்டுப் பொறியாளர்

நான் வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு செய்து கொடுக்கிறவன். தரகர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

பத்திரப் பதிவில் இடத்துக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குப் பரப்பு, கூரை வகை, வயது. அவ்வளவுதான். முத்திரைத் தீர்வை, சொத்து மாற்ற வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் அதன் மேல்தான் போடுகிறார்கள். உங்கள் தட்டோடு பகலில் எத்தனை டிகிரி குறைக்கிறது என்று எழுத அங்கே இடமே இல்லை.

வங்கிக்கு நாங்கள் கொடுக்கும் அறிக்கையும் அதே குடும்பம்தான். இடத்தின் சந்தை மதிப்பு ஒரு பக்கம். கட்டடத்துக்கு இன்றைய கட்டுமானச் செலவைப் போட்டு, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பது இன்னொரு பக்கம். கான்கிரீட் கட்டடத்துக்கு வழக்கமாக 60 வருஷ ஆயுள் வைப்போம், கடற்கரை என்றால் கண்ணால் பார்த்துக் குறைப்போம். சோலாரை சில வங்கிகள் 'இதர வசதிகள்' என்ற வரியில் சேர்க்கச் சொல்லும், பல வங்கிகள் சேர்க்காதே என்று சொல்லும்.

இதில் விற்பவருக்கு அடி எங்கே விழுகிறது என்றால் கடனில். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரை உள்ள வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அந்த மதிப்பு என்பது எங்கள் அறிக்கையில் உள்ள எண். நீங்கள் சோலாருக்கு இரண்டு லட்சம் கூட்டிச் சொன்னால், வாங்குபவருக்கு அந்த இரண்டு லட்சத்துக்கு வங்கி ஒரு ரூபாய் தராது. முழுக்கக் கைக்காசாக எடுத்து வைக்க வேண்டும். மனசு இருந்தாலும் கை வராது.

ஆனால் ஒன்று. கூரை நன்றாக இருந்தால் நான் தேய்மானத்தைக் குறைத்துத்தான் போடுவேன். ஒழுக்கு இல்லை, தளத்தின் அடியில் கம்பி தெரியவில்லை, சிமென்ட் உதிரவில்லை என்றால் 20 வருஷக் கட்டடத்தை 12 வருஷம் போல நடத்தலாம். உங்கள் தட்டோடு அந்த வழியில் சத்தமில்லாமல் மதிப்பில் ஏறுகிறது. அதுக்கு 'வெப்பக் காப்பு' என்று பேர் கிடையாது, 'நல்ல பராமரிப்பு' என்று பேர்.

#6 பாம்பன் வயர்மேன்

சோழகக்காற்று அண்ணே, ஒரு கேள்வி. பேனல் ஸ்டாண்டை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள்? தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்தார்களா, இல்லை கான்கிரீட் கட்டை வார்த்து அதன் மேலா?

எதற்குக் கேட்கிறேன் என்றால், நம்ம பக்கம் அனுபவம் உள்ள ஆள் வாங்க வந்தால் முதலில் அண்ணாந்து சீலிங்கைத்தான் பார்ப்பான். உப்பு உள்ளே போனால் கம்பி ஊதும், ஊதினால் சிமென்ட் பெயர்ந்து விழும். தளத்தில் பன்னிரண்டு துளை போட்டு, அதில் மழைத் தண்ணீர் இறங்கினால், சோலார் விலையைக் கூட்டாது, வீட்டு விலையைக் குறைத்துவிடும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி மழையில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதுக்கு அப்புறம் நான் ஏறிப் பார்த்த மாடிகளில் எந்த வீட்டில் ஒழுகியது, எதில் ஒழுகவில்லை என்று போல்ட்டைப் பார்த்தே சொல்லலாம்.

அடுத்தது துரு. மண்டபத்தில் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இரும்பு, துத்தநாகம், அலுமினியத் தகடுகளை வெட்டவெளியில் மாட்டி வைத்து எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதித்த இடமே இருக்கிறது. அந்தக் காற்றில்தான் நாம் குடியிருக்கிறோம். பேனல் கெடாது, அதன் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் தாங்கும். கெடுவது நட்டும் போல்ட்டும். மதுரையில் போடுகிற அதே சாதா ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட்டை இங்கே போட்டுவிட்டுப் போனால், இரண்டு மூன்று வாடைக்காற்றுக்குள் ஸ்பேனர் வைத்ததும் தலை மட்டும் கையோடு வரும், தண்டு உள்ளேயே நிற்கும். தலை போன இடத்தில் மஞ்சள் கலந்த சிவப்பில் பொடிப் பொடியாக உதிரும், விரலில் தேய்த்தால் மாவு மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஸ்டாண்டில் புயல் காற்று ஏறினால் பேனல் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

எஸ்எஸ் 316 (துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை) நட்டு போல்ட், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு உள்ள ஸ்டாண்ட், ஐஇசி 61701 உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய பேனல். இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

#7 சோழகக்காற்று

கான்கிரீட் கட்டை வார்த்து, அதில் தட்டு பதித்து நிறுத்தியது தம்பி. தளத்தில் ஒரு துளை கூட இல்லை. தட்டோடு போட்ட கொத்தனார் "மேல ஆணி அடிச்சா நான் பொறுப்பில்ல" என்று கத்திவிட்டார், அதனால் பிழைத்தது. போல்ட் எஸ்எஸ் என்று பில்லில் இருக்கிறது, 316-ஆ என்று பார்க்கிறேன்.

#8 கணக்குப்புலி

வெளிநாட்டு விஷயம் கேட்டீர்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 8 மாநிலங்களில் சுமார் 22,000 வீட்டு விற்பனைகளைப் பார்த்தார்கள். சொந்தமாக வாங்கிப் போட்ட சோலாருக்கு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 4 டாலர் கூடக் கிடைத்தது. ஆனால் பேனல் பழசாக ஆக அந்தக் கூடுதல் வேகமாகக் குறைந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இதை மட்டும் யாரும் முகநூலில் போட மாட்டார்கள்.

இங்கிலாந்தில் இன்னொரு விதம். 2007 முதல் வீடு விற்கும்போது ஏ முதல் ஜி வரை தரம் போட்ட ஆற்றல் சான்றிதழ் வேண்டும். 2018-க்குப் பிறகு ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதே சிக்கல். விளம்பரத்திலேயே எழுத்து தெரியும், அதனால் வாங்குபவர் அதையும் பேரத்தில் வைக்கிறார். நம் நாட்டிலும் ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டுகிறோம், 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்குக் கூடக் கட்டாயம். வீட்டுக்கு ஒட்டுவதில்லை. வீட்டுக்கான ஸ்டார் முத்திரைத் திட்டம் இருக்கிறது, ஆனால் விருப்பம் இருந்தால் வாங்கலாம் என்ற அளவில். 2018 டிசம்பரில் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பு வந்தது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று அதில் ஒரு வரம்பு உண்டு. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விடும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் பேசுகிறது. நம்ம கணக்கில் 12 சென்ட்டுக்கு மேல். உங்கள் ஐந்து சென்ட் வீடு அதன் கண்ணிலேயே படாது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். நம் ஊரில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் அளவில். இப்போது இரண்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஏசி ஓடி இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் எடுக்கிற வீட்டுக்குத் தோராயமாக ஆறாயிரம் ரூபாய் அருகில் பில் வரும். சோலார் வந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும், வருஷத்துக்கு முப்பதாயிரம் மிச்சம். இன்னொரு வீட்டில் வயதான தம்பதி, 300 யூனிட். முதல் 100 யூனிட் அரசு இலவசம், மீதிக்கு எழுநூறு ரூபாய்ச் சொச்சம். அவர்களுக்கு அதே பேனல் வருஷத்துக்கு நாலாயிரம் சொச்சம்தான் மிச்சப்படுத்தும்.

பேனல் ஒன்றுதான். முதல் வீட்டுக்காரர் அதுக்கு ஒன்றரை லட்சம் தரலாம், இரண்டாமவர் இருபதாயிரம் தந்தாலே அதிகம். அதனால் "சோலாருக்கு என்ன விலை" என்று தரகரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வாங்க வருபவரின் பில் எவ்வளவு என்று கேளுங்கள்.

#9 கீழக்கரைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் துபாயிலிருந்து எழுதுகிறேன். ஊரில் வீடு தேடிக்கொண்டிருக்கிற ஆள், அதனால் வாங்குபவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் வாங்கும் வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டுக்கு ஏது பில்? 100 யூனிட்டுக்குள்தான் ஓடும், பூஜ்யம். அதன் மேல் சோலார் எனக்கு எதற்கு? மாடியில் ஏறிப் பேனலைக் கழுவ ஆள் வைக்க வேண்டும், காக்கை எச்சம், உப்புப் படிவு. எங்கள் லாத்தா (அக்கா) பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், அவரை மாடி ஏறச் சொல்ல முடியுமா?

ஆனால் வீடு குளுமையாக இருந்தால் நான் காசு தருவேன். காரணம், நாங்கள் வருவது பிள்ளைகளின் கோடை விடுமுறையில். துபாயில் ஏசியிலேயே வளர்ந்த பிள்ளைகள் இங்கே வந்து இரண்டாவது நாளே "எப்போ திரும்பிப் போறோம்" என்று கேட்கும். எங்கள் வாப்பா பிறந்த பழைய வீட்டில் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம், நடுவில் முற்றம், உயரமான கூரை. அங்கே மதியம் பாய் விரித்தால் தூக்கம் வரும். புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் மூன்று ஏசி போட்டும் சுவர் சுடுகிறது. நான் இப்போது வீடு பார்க்கப் போனால் தம்பியிடம் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: மதியம் போ, ஏசியை நிறுத்தச் சொல், அரை மணி நேரம் உட்கார்.

#10 கொத்தனார் மகன்

காக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. மதியத்தை விட ராத்திரி ஒன்பது மணிக்குப் போங்கள் என்று நான் சொல்வேன். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி இறக்கும். கட்டில் மேல் ஏறி நின்று சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் தெரியும். வெறும் தளம் என்றால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி கதகதவென்று இருக்கும், ஃபேனைப் போட்டால் அந்தச் சூடுதான் கீழே வரும். பிஎல்டிசி ஃபேனும் அதே சூட்டைத்தான் தள்ளும், 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்டில்.

வெள்ளைப் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம கரையில் கச்சான் காற்றில் புழுதி வந்து ஒட்டும், மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்காவிட்டால் வெள்ளை சாம்பல் ஆகிவிடும், பாதிப் பலன் போய்விடும். விற்பதற்கு முன்னால் தேய்த்துக் கழுவி ஒரு கோட் அடியுங்கள் அண்ணே. சில ஆயிரம்தான் ஆகும். தட்டோட்டுச் சந்துகளையும் பாருங்கள், பூச்சு விட்டிருந்தால் அடைத்துவிடுங்கள்.

#11 நாலுரோட்டுக்காரன்

கமுதியில் 2016-இலேயே 648 மெகாவாட் சோலார் போட்டார்கள். மாவட்டமே சூரிய மாவட்டம். நம்ம வீட்டு 3 கிலோவாட்டுக்குத்தான் தரகரிடம் மரியாதை இல்லை.

#12 தேவிபட்டினம் டீச்சர்

நான் வாடகை வீட்டில் இருக்கிறவள். ராமநாதபுரத்தில் வேலை, அங்கேயே மேல்மாடியில் ஒரு வீட்டில் இருந்தோம். மேலே வெறும் தளம். சித்திரை, வைகாசியில் ராத்திரி முழுக்க ஏசி, இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் அல்ல, கீழே உள்ள படிக்கும் சேர்த்து விகிதம் மாறிவிடும், பத்து யூனிட் கூடினால் சில நூறு ரூபாய் குதிக்கும். வீட்டுக்காரரிடம் மாடிக்கு ஏதாவது செய்யுங்கள் என்றால், "பில் கட்டுறது நீங்கதானேம்மா" என்று சிரித்தார். அவர் சொன்னதில் தப்பில்லை, செலவு அவருக்கு, மிச்சம் எனக்கு என்றால் யார்தான் செய்வார்கள்?

இப்போது அதே தெருவில் வேறு வீடு. மாடியில் தட்டோடு, தெற்கில் பெரிய ஜன்னல், சோழகக் காற்று நேராக வரும். மாத வாடகை ஆயிரம் ரூபாய் கூட. யோசிக்காமல் வந்தோம். பழைய வீடு நாங்கள் வந்த பிறகு நெடுநாள் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி மாதங்களின் வாடகையில் தட்டோடு பதித்திருக்கலாம்.

#13 கணக்குப்புலி

> மாத வாடகை ஆயிரம் ரூபாய் கூட. யோசிக்காமல் வந்தோம்.

இந்த இழையில் இதுவரை வந்த நல்ல ஆதாரம் இதுதான். வருஷத்துக்கு 12,000 கூடுதல் வாடகை. வீட்டு விலையில் மூன்று சதவீதம் வாடகை வரும் என்று வைத்தால், அந்த ஆயிரம் ரூபாய்க்குச் சொத்து மதிப்பு நான்கு லட்சம். தட்டோட்டுச் செலவு அதில் எத்தனையில் ஒரு பங்கு?

#14 மதிப்பீட்டுப் பொறியாளர்

காகிதத்தில் சரி. நாங்களும் வாடகை வருமானத்தை வைத்து மதிப்பிடும் முறையைக் கடைகளுக்கும் லாட்ஜுக்கும் எடுப்போம். குடியிருப்பு வீட்டுக்கு வங்கி அதைக் கேட்பதில்லை. நான்கு லட்சம் என்று எழுதிக் கொடுத்தால் மேலாளர் என்னைத்தான் கூப்பிடுவார். வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்க வருகிறவரிடம் வேண்டுமானால் இந்தக் கணக்கைக் காட்டலாம். அதுவும் உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானத் தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் வெளியே வாடகைக்கு வீடு தேடுவது உண்டு, மாற்றலில் வருகிறவர்களுக்கு வீடு வசதியாக இருந்தால் போதும், விலையைப் பெரிதாக இழுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நண்பர்கள் சிலர் தனிச் செய்தியில் கேட்டார்கள், சோலாருக்கு மட்டும் தனி ரசீது போட்டுப் பத்திரத்துக்கு வெளியே காசு வாங்கலாமா என்று. ஏசி, கட்டில், ஃபேன் போன்ற கழற்றி எடுக்கும் பொருளுக்குத் தனி ரசீது போடுவது சாதாரணம். கூரையோடு சேர்ந்து நிற்கும் சோலாருக்கு வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

#15 பாம்பன் வயர்மேன்

கழுவுவதைப் பற்றிக் காக்கா சொன்னதால் எழுதுகிறேன். உவர்த் தண்ணீர் போர் உள்ள வீட்டில் அந்தத் தண்ணீரை எடுத்தே பேனலைக் கழுவுகிறார்கள். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், கழுவாமலே இருந்திருக்கலாம். மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ வேண்டும், விடிகாலையில் கழுவ வேண்டும். சோழகக்காற்று அண்ணனுக்கு மணல் ஊற்று, கவலை இல்லை. நாலுரோட்டு அண்ணன் முதலில் தண்ணீரைக் கேட்டது சோலாருக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

#16 மட்டுறுத்துநர்

சோலார் ஏஜென்ட்கள் தொலைபேசி எண்ணைப் போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

#17 சோழகக்காற்று

எல்லோருக்கும் நன்றி. கொத்தனார் மகன் சொன்னபடி மாடியைக் கழுவி ஒரு கோட் அடித்துவிட்டேன். தரகரிடம், ஆட்களைக் காலையில் கூட்டி வர வேண்டாம், மூன்று மணிக்கு மேல் கூட்டி வாருங்கள் என்று சொன்னேன். "வெயில்ல யாருண்ணே வருவா" என்றார். வருகிறவர்கள் வரட்டும் என்றேன்.

ஒரு குடும்பம் வந்தது. கணவர் சவூதியிலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டவர், இனி ஊரோடுதான். மனைவி, வயதான மாமியார், கல்லூரிக்குப் போகும் பெண். இப்போது இருக்கும் வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறதாம். கணக்குப்புலி சொன்ன முதல் வகை.

ஏசியைப் போடவில்லை. ஃபேன் மட்டும். மாமியார் நேராகப் போய் மேற்கு அறைக் கட்டிலில் உட்கார்ந்தார். அங்கேயே இருந்துகொண்டார், மற்ற அறைகளைப் பார்க்க வரவில்லை. நான் கணவரிடம் மின்வாரியச் செயலியைத் திறந்து ஒன்றரை வருஷ பில்லைக் காட்டினேன். சோலாருக்கு முன், சோலாருக்குப் பின். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, மே மாதம் உள்ள பில்லை மட்டும் திரும்ப எடுத்தார், "இது ஏசி போட்டா, போடாமலா?" என்று கேட்டார். போட்டுத்தான் என்றேன். அப்புறம் மாடிக்கு ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைத் தளத்தில் காலை வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மாடியில் வெறும் காலை வைத்தால் கொப்புளம்தான்.

தரகர் சொன்ன விலைக்கு மேல் ஒன்றே முக்கால் லட்சம் சொல்லியிருக்கிறார். நான் இரண்டரை கேட்டிருக்கிறேன். போட்ட மூன்றரையும் வராது என்று தெரிகிறது. என்ன செய்யலாம்?

#18 கணக்குப்புலி

இரண்டு லட்சத்தைச் சுற்றி முடியுங்கள். நீங்கள் அனுபவித்த வருஷங்களின் மிச்சம் ஏற்கெனவே உங்கள் பையில் வந்துவிட்டது, அதை அவரிடம் இரண்டாவது முறை கேட்க முடியாது. இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷ வாரண்டி மிச்சம் என்று அவர் இன்னும் கேட்கவில்லை என்றால் அதிர்ஷ்டம். பேனலுக்கு 25 வருஷம் எழுதித் தருவார்கள், இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது.

#19 மதிப்பீட்டுப் பொறியாளர்

அவர் கடன் வாங்காமல் கைக்காசில் வாங்குகிறவர் போலத் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கூடுதல் கிடைக்கிறது. வங்கிக் கடனோடு வருகிற அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தால் என் போன்ற ஒருவர் வந்து அதை அறிக்கையில் பூஜ்யம் ஆக்கிவிடுவார்.

காகிதங்களை ஒரே கோப்பில் போட்டுக் கொடுங்கள். சோலார் நிறுவிய பில், வாரண்டி அட்டை, நெட் மீட்டர் ஒப்பந்தம், மானியம் வந்த விவரம். மின் இணைப்புப் பெயர் மாற்றம் செய்யும்போது நெட் மீட்டரும் வாங்குபவர் பேருக்குப் போக வேண்டும், பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சோலாருக்கு வங்கியில் அடமானம் இல்லாத கடன் எடுத்திருந்தால் அதை அடைத்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி அதையும் சேர்த்து வையுங்கள். அந்தக் கடன் வில்லங்கச் சான்றில் தெரியாது, அதனாலேயே வாங்குபவருக்குச் சந்தேகம் வரும்.

#20 கீழக்கரைக் காக்கா

மாமியார் கட்டிலை விட்டு எழவில்லை என்றால் பேரம் முடிந்தது என்று அர்த்தம் தம்பி. நீங்கள் இரண்டேகாலில் நிற்கலாம்.

#21 சோழகக்காற்று

இரண்டு லட்சத்து இருபதாயிரத்தில் நிற்கிறது. அவர்கள் ஏசியையும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்கள். மதுரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதில் மட்டும் இழுபறி.

#22 பாம்பன் வயர்மேன்

விட்டுக் கொடுத்துவிடுங்கள் அண்ணே. கழற்றும் கூலி, வண்டி, அங்கே மாட்டும் கூலி, புதுச் செம்புக் குழாய், கேஸ் நிரப்புவது எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அதோடு, உப்புக்காற்றில் நின்ற அவுட்டோர் யூனிட்டைக் கழற்றும்போது பின்னால் உள்ள காயில் எங்காவது கசியும், அது மதுரையில் போய் மாட்டிய பிறகுதான் தெரியும். அவுட்டோரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் வெள்ளையாகப் பொடிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், இன்றே பேசி முடியுங்கள்.